கேபினெட்டா, டப்பாவா, குண்டு பல்பா: கடலோர ஊரில் கேமராவை எங்கே வைப்பது?

சென்னை, கடலூர், தூத்துக்குடி பக்கம் கேமரா வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் ஃபங்கஸில், அதாவது லென்ஸுக்குள் படரும் பூஞ்சையில் வந்து நிற்கும். ஒருவர் சில ஆயிரம் போட்டு டிரை கேபினெட், அதாவது உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் மின்சாரப் பெட்டி வாங்கியிருப்பார். இன்னொருவர் கிளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு வைத்திருப்பார். மூன்றாமவர் வீட்டில் பீரோவுக்குள் குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். மூன்றுமே வேலை செய்யும். மூன்றுமே வெவ்வேறு விதத்தில் பழுதாகும். எந்தப் பழுது உங்கள் கண்ணில் படும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. விலையை அதற்கப்புறம் பார்க்கலாம்.

பூஞ்சையின் தேவைகள் மிகக் குறைவு. வித்து காற்றில் எப்போதும் இருக்கிறது, புது லென்ஸுக்குள்ளும் இருக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் சில நாள் தொடர்ந்து நின்று, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அது முளைக்கும். தீனிக்குத் தூசி, துணி இழை, விரல் எண்ணெய் போதும். அது சுரக்கும் அமிலம் முதலில் கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கும், நாள்பட்டால் கண்ணாடியையும் அரிக்கும். அதனால்தான் சில லென்ஸ்களைப் பிரித்துத் துடைத்த பிறகும் வேர் போன்ற தடம் மிஞ்சுகிறது. லென்ஸ், நுண்ணோக்கி எல்லாம் செய்யும் ஸைஸ் நிறுவனம் சொல்லும் வரம்பு, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, 30-க்குக் கீழே இறங்கக்கூடாது என்பது. 40 முதல் 50 வரை இலக்கு வைத்தால், அளக்கும் கருவி ஐந்து புள்ளி பொய் சொன்னாலும் ஆபத்தில்லை.

பொய் சொல்லத்தான் செய்யும். ஆகவே எந்த வழிக்குப் போனாலும் முதல் செலவு ஈரப்பதம் அளக்கும் ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர், அதோடு உப்புச் சோதனை. பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து நீராக நிற்கக்கூடாது. அதையும் ஹைக்ரோமீட்டரையும் ஒரே ஜிப் கவரில், ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடி, பத்து மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும். கருவி 70 காட்டினால் இனி எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படிக்க வேண்டும். கல் உப்பு வேண்டாம். அதில் கலந்திருக்கும் மெக்னீசிய உப்பு அளவைக் கீழே இழுத்துவிடும்.

கேமரா பையைப் போட்டியில் சேர்க்கவே வேண்டியதில்லை. பஞ்சு, இருட்டு, மூடிய ஜிப் என்று பூஞ்சைக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. பையோடு வரும் ஐந்து கிராம் ஜெல் பொட்டலம் கடையில் இருந்தபோதே ஈரம் குடித்து முடித்திருக்கும். பை தூக்கிப் போவதற்கு மட்டும். பழைய ஃபிலிம் கேமராவின் தோல் உறையும் அப்படியே. உறை தனியாக, கேமரா தனியாக. தினமும் கையில் எடுக்கும் கேமராவைத் திறந்த அலமாரியில், வெளிச்சமும் மின்விசிறிக் காற்றும் படும் இடத்தில் வைப்பது பையைவிட எவ்வளவோ மேல். தூசி படியும், அவ்வளவுதான். ஆனால் வருடத்துக்கு இரண்டு கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் 70–300 லென்ஸுக்கு இந்த வழி உதவாது.

டப்பா

மலிவான வழி. சரியாகச் செய்தால் கேபினெட்டுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. மூடியைச் சுற்றி சிலிகான் வளையமும் நாலு பக்கம் கிளிப்பும் உள்ள 10 லிட்டர் டப்பாவில் ஒரு கேமராவும் இரண்டு மூன்று லென்ஸும் அடங்கும். வாங்கியதும் காலி டப்பாவை மூடி வாளித் தண்ணீருக்குள் ஒரு நிமிடம் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அதில் முறுக்கு போட்டு வைக்கலாம், கேமரா வேண்டாம்.

ஜெல் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கணக்கு இப்படி: 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். 10 லிட்டர் டப்பாவுக்குள் இருப்பது அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது கால் கிராம். நன்றாக உலர்ந்த சிலிக்கா ஜெல், சுற்றிலும் 40 சதவீத ஈரப்பதம் இருக்கும் நிலையில், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடித்து வைக்கும். 50 கிராம் ஜெல் என்றால் 10 கிராம் நீர். காகிதத்தில் பார்த்தால் மாதக்கணக்கில் தாங்க வேண்டும். ஈரம் குடித்து முடித்த ஜெல் மணிகள் நிறம் மாறும். நிஜத்தில் இரண்டு வாரத்திலேயே அப்படி மாறினால் குற்றவாளி காற்று அல்ல. கேமராவின் கழுத்துப் பட்டையும் லென்ஸ் போட்டு வைக்கும் துணிப் பையும்தான். பருத்தித் துணி ஈரக் காற்றில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை நீரைச் சுமக்கும். டப்பாவுக்குள் போனதும் அதில் பாதியையாவது ஜெல்லுக்குக் கொடுத்துவிடும். பட்டையைக் கழற்றி வெளியே மாட்டுங்கள். லென்ஸ்களுக்கு இடையே அட்டை, செய்தித்தாள், பஞ்சு எதுவும் வேண்டாம். அடுத்த சந்தேகம் கிளிப்; நாலில் ஒன்று தளர்ந்தாலும் போச்சு. மூன்றாவது, புதிதாக வாங்கிய ஜெல்லை உலர்த்தாமலே போட்டிருப்பீர்கள்.

பயத்தில் 200 கிராம் கொட்டுவது எதிர்த் திசைத் தவறு. நன்றாக வறுத்து உலர்த்திய ஜெல் அவ்வளவு இருந்தால் ஹைக்ரோமீட்டர் 20-க்குக் கீழே போய்விடும். கைப்பிடி ரப்பருக்கும் லென்ஸ் வளையத்தின் கிரீஸுக்கும் அது நல்லதல்ல. 10 லிட்டருக்கு 40, 50 கிராமில் தொடங்குங்கள். அதுவும் அதிகமாகக் காய்ந்தால் பாதி வறுத்தது, பாதி வறுக்காதது என்று கலந்து போட்டால் 40 பக்கம் வந்து நிற்கும்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சமையலறைத் தராசு இதைவிட நேர்மையானது. வறுத்து ஆறியதும் எடை போட்டு மூடியில் எழுதி ஒட்டுங்கள். 50 கிராம் 60 ஆனதும் மறுபடி வறுக்க வேண்டிய நேரம்.

வறுப்பதற்கு ஓடிஜி அவன் வசதி. எவர்சில்வர் தட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் பரப்பி, 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். 150-ஐத் தாண்டினால் ஆரஞ்சு மணிகளின் சாயம் கருகிப் பழுப்பாகிவிடும். அதன் பிறகும் ஈரம் உறிஞ்சும், ஆனால் நிறம் காட்டாது. வாணலியில் வறுத்தால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது ஈரமாகவே இருக்கும். மைக்ரோவேவில் மணிகள் வெடித்துத் தூளாகும். அந்தத் தூள் லென்ஸ் வளையத்தில் புகுந்தால் திருப்பும்போது நறநறக்கும். சூடான ஜெல்லை நேராக டப்பாவில் போடாமல், மூடிய எவர்சில்வர் டப்பாவில் ஆறவிட்டு, பிறகு மெல்லிய துணிப் பையில் கட்டிப் போடுங்கள். திறந்த தட்டில் ஆறவிட்டால் வறுத்ததில் கொஞ்சம் அங்கேயே வீணாகும். இந்த வேலைக்கு எடுத்த தட்டு சாப்பாட்டுக்குத் திரும்பக் கூடாது. நீல நிற ஜெல்லில் இருப்பது கோபால்ட் குளோரைடு, புற்றுநோய் அபாயம் உள்ள பொருள். குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு நிறமே வாங்குங்கள்.

ஜெல்லுக்குப் பதிலாகச் சொல்லப்படும் வைத்தியங்களையும் பார்த்துவிடலாம். அரிசி சுத்தமாகப் பயனில்லை. சாதாரணமாக வீட்டில் இருக்கும் அரிசியில் 13, 14 சதவீதம் நீர் இருக்கும், அது சுற்றியுள்ள காற்றை 65, 70 சதவீதத்தில் கொண்டுபோய் நிறுத்தும். பூஞ்சையின் வாசலில் பாய் விரித்த மாதிரி. கூடவே தவிட்டுத் தூசி வேறு. அந்துருண்டையும் கற்பூரமும் இன்னும் மோசம். ஆவியாகிக் கண்ணாடி மேலேயே படியும், பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். துணி பீரோவில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் பையில் கால்சியம் குளோரைடு இருக்கிறது. நன்றாகவே உறிஞ்சும், உறிஞ்சியதை உப்புத் தண்ணீராக அடியில் தேக்கி வைக்கும். அது ஒரு நாள் கவிழ்ந்தால் கேமராவின் உலோகப் பாகங்கள் போச்சு.

டப்பாவின் பழுது உங்கள் மறதி. அது ஹைக்ரோமீட்டரில் தெரியும், ஆனால் நீங்கள் பார்த்தால்தான் தெரியும்.

குண்டு பல்பு பீரோ

கேபினெட் எல்லாம் பரவலாகக் கிடைக்காத காலத்து ஸ்டுடியோ வழி. பல்பு காற்றிலிருந்து ஒரு சொட்டு நீரைக்கூட எடுப்பதில்லை, காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்றால் அதிக நீரைத் தாங்க முடியும், அதனால் விகிதம் குறைகிறது. அறையில் 28 டிகிரி, 80 சதவீதம் என்றால், பீரோவுக்குள் 34 டிகிரி ஆக்கினால் அதே காற்று 58 சதவீதத்துக்கு வரும். ஆறு டிகிரி ஏற்றியும் வரம்பைத் தொட்டுத்தான் நிற்கிறது. ஐப்பசி மழையில் அறையே 90 சதவீதம் இருக்கும்போது இது போதாது.

ஜீரோ வாட் என்று பெயர் வைத்து விற்ற குண்டு பல்பு உண்மையில் 15 வாட் வரை இழுக்கும். இரவு பகலாக எரிந்தால் மாதம் பத்து யூனிட்டுக்கு மேல். சின்ன டிரை கேபினெட் இழுப்பது இதைவிடக் குறைவு! இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் எல்இடி. அதில் சூடே வராது என்பதால் பல்பு எரிந்தும் பலன் இருக்காது. துணி இருக்கும் பீரோவில் தீ பயமும் உண்டு. ஃபியூஸ் போனால் திறந்து பார்க்கும்வரை தெரியாது. ஏற்கெனவே இப்படி ஓர் அலமாரி வைத்திருப்பவர் தொடரலாம், புதிதாகத் தொடங்க ஒரு காரணமும் இல்லை.

டிரை கேபினெட்

இதில் இரண்டு வகை. பெல்டியர் வகையில் ஒரு தகடு குளிர்ந்து, அதில் நீர் படிந்து, திரி வழியாகப் பின்பக்கம் போய் ஆவியாகும். இரண்டாவது வகையில் உறிஞ்சும் பொருள் உள்ளேயே இருக்கும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஹீட்டர் அதைச் சூடாக்கி, மடிப்புக் கதவு வழியாக ஈரத்தை வெளியே தள்ளும். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டாவது வகை வேகமாக இறக்கும். மூன்றே லென்ஸ் வைத்திருப்பவருக்குப் பெல்டியரும் போதும். சராசரியாக 5 வாட் ஓடினால் மாதம் மூன்றரை யூனிட்தான் ஆகும். மின்வெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கதவைத் திறக்காதவரை சில மணி நேரத்தில் பெரிதாக ஏறாது.

அளவு பார்க்கும்போது லிட்டர் கணக்கை நம்பாமல் உள் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பெரிய லென்ஸ் மாட்டிய கேமரா கதவை மூடவிடாமல் முட்டும். 30 லிட்டர் இரண்டு கேமராவுக்கும் நாலைந்து லென்ஸுக்கும் சரி. இன்று உள்ளதைவிட ஒன்றரை மடங்கு இடம் பாருங்கள்; லென்ஸ் வாங்கும் பழக்கம் கேபினெட் வாங்கியதோடு நிற்பதில்லை. பின்பக்கம் சுவரிலிருந்து ஐந்து, பத்து சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே தள்ளிய ஈரத்தையே திரும்பக் குடிக்கும். குளியலறைச் சுவர் வேண்டாம்.

இதன் கெட்ட குணம், பழுதானதை மறைப்பது. உறிஞ்சும் பகுதி செத்துப்போன பிறகும் முகப்பு விளக்கு பச்சையாக எரியலாம். கதவு ரப்பர் ஓரத்தில் விலகினால், காற்றுப் புகாத இருட்டறை என்பது போய் வெறும் இருட்டறை மிஞ்சும். கூடவே வரும் மீட்டர் பத்து புள்ளி தப்பாகக் காட்டுவதும் உண்டு. ஆகவே உப்புச் சோதனை முடித்த தனி ஹைக்ரோமீட்டரை உள்ளே, கண்ணாடி வழியே தெரிகிற மாதிரி வையுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் அங்கே ஒட்டவில்லை.

ஏசி அறை

ஓடும்வரை நல்லது. அணைத்த ஒரு மணி நேரத்தில் ஈரம் திரும்பிவிடும். அதைவிட முக்கியம், 23 டிகிரி அறையிலிருந்து மழைக்கால வாசலுக்கு எடுத்துப் போன கேமராவின் மேல் பனி படிவது. துடைத்தால் மறுபடி படியும். லென்ஸைக் கழற்றினால் உள்ளேயும் படியும். புறப்படும் முன்பே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே போய் அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். மழையில் நனைந்த கேமராவை நேராக டப்பாவிலோ கேபினெட்டிலோ அடைக்காமல், மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு உலரவிட்டு வைக்க வேண்டும்.

யாருக்கு எது

ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், வாரம் ஒரு முறை எடுத்துப் படம் எடுக்கும் பழக்கம் என்றால் டப்பா. எடுக்கும்போதெல்லாம் மீட்டர் கண்ணில் படும், 50-ஐத் தாண்டினால் ஜெல்லை வறுக்கலாம். நாலு லென்ஸுக்கு மேல் போனாலோ, வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர் என்றாலோ கேபினெட். ஊட்டி, வால்பாறை, கொடைக்கானல் வாசிகளுக்கும் கேபினெட்தான், அதிலும் உறிஞ்சும் வகை; குளிரில் பெல்டியர் சோம்பிவிடும். கோவையிலும் மதுரையிலும் கோடைக்காலத்தில் டப்பாவில் ஜெல்லே தேவைப்படாத வாரங்கள் உண்டு, அப்போது ஜெல்லை வெளியே எடுத்துவிடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கி வந்தால் இவற்றில் எதிலும் உடனே சேர்க்காதீர்கள். இருட்டறையில் மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவது தூசி, அதனால் படத்துக்குக் கேடில்லை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளைத்து வரும் மெல்லிய நூல்தான் ஃபங்கஸ். கேனன் இஎஃப் லென்ஸில், கேமராவிலிருந்து கழற்றிய நிலையில், ஒளி புகும் துளை முழுக்கத் திறந்திருக்கும், அப்படியே பார்க்கலாம். நிக்கான் ஜி லென்ஸில் துளை சுருங்கி இருக்கும். பின்பக்க நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்துத் திறந்தால்தான் உள்ளே தெரியும். சந்தேகம் இருந்தால் தனி டப்பா, தனி ஜெல், ஒரு மாதம் கழித்து மறுபடி டார்ச். வெயிலில் காய வைக்க நினைத்தால் இரண்டு பக்க மூடியையும் கழற்றியபின் லென்ஸைக் கவனிக்காமல் விடாதீர்கள். உச்சி வெயிலைக் குவித்துக் கீழே இருக்கும் துணியைக் கருக்க அதற்கு அதிக நேரம் வேண்டாம்.