கியூப்அட்மினா, கே3எஸ்ஸா? கரண்ட் போகிற ஊரில் ஒரு கணக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகம் இரண்டு அறைதான். பழைய சேர்வர் மூன்று. அவற்றைப் பார்த்துக்கொள்ள நானும் ஒரு தம்பியும். பல சேர்வர்களில் செயலிகளை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளான குபெர்னெட்டீஸை முதலில் கியூப்அட்மின் என்ற நிறுவும் கருவியால் நிறுவினேன், பிறகு குபெர்னெட்டீஸின் இலகு வடிவமான கே3எஸ்ஸுக்கு மாறிவிட்டேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நிறுவுவது இன்று பெரிய விஷயமில்லை. 2015-இல் குபெர்னெட்டீஸின் முதல் பதிப்பு வந்தபோது ஒவ்வொரு பாகத்தையும் கையால் கோர்த்தார்கள். கியூப்அட்மின் அதை இரண்டு கட்டளைகளாக்கியது. ஆனாலும் செயலிப் பொதிகளை ஓட்டும் கன்டெய்னர்டி போடுவதும் அவற்றை இணைக்கும் நெட்வொர்க் பிளகின் தேடுவதும் நம் தலையில். 2019-இல் ராஞ்சர் லாப்ஸ் வெளியிட்ட கே3எஸ்ஸில் அதெல்லாம் 100 எம்பிக்கும் குறைந்த ஒரே பைனரிக்குள் (ஓடும் கோப்புக்குள்) வந்துவிடுகிறது.

சரி, என்னை மாற வைத்தது சான்றிதழ், அதாவது குபெர்னெட்டீஸின் பாகங்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் டிஜிட்டல் அத்தாட்சி. கியூப்அட்மின் தரும் சான்றிதழ்களுக்கு ஒரு வருட ஆயுள். பதிப்பை உயர்த்தினால் கூடவே புதுப்பிக்கும். உயர்த்தாமல் சோம்பியிருந்தால் ஒரு நாள் கதவு சாத்திவிடும். எங்களுக்கு அது ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் நடந்தது. ஓடிக்கொண்டிருந்தவை ஓடின, புதிதாக எதையும் ஏற்ற முடியவில்லை. புதுப்பிக்கும் கட்டளை ஒரே வரிதான். ஆனால் அதன்பின் கட்டுப்பாட்டுப் பாகங்களை மறுபடி எழுப்ப வேண்டும் என்பது தெரியாமல் அரை நாள் போயிற்று. கே3எஸ்ஸிலும் ஆயுள் ஒரு வருடம்தான். ஆனால் காலாவதிக்கு 120 நாளுக்குள் (2025 மே மாதத்துக்கு முந்தைய பதிப்புகளில் 90 நாளுக்குள்) ஒரு தடவை நிறுத்தி எழுப்பினால் தானே புதுப்பித்துக்கொள்ளும். 2022-இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருட்டில் இருந்த ஊர் இது; எங்கள் யூபிஎஸ் பற்றரியோ கிழடு. கரண்ட் போய் வந்தாலே சேர்வர் நின்று எழும்; எழுப்புவதற்கு நாள் பார்க்கத் தேவையே இல்லை!

பதிப்பு உயர்த்துவதும் அப்படித்தான். வருடத்துக்கு மூன்று பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 14 மாத ஆதரவு, இடையில் ஒன்றைத் தாண்டவும் முடியாது. கியூப்அட்மினில் கட்டளையை உயர்த்தி, நோடை (ஒரு சேர்வரை) காலிசெய்து, அதில் ஓடும் முகவரான கியூப்லெட்டை மாற்றி, அடுத்ததற்குப் போக வேண்டும். கே3எஸ்ஸில் பைனரியை மாற்றி எழுப்பினால் போதும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்களிடம் தலைமைச் சேர்வர் ஒன்றுதான், தரவு எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில் இருக்கிறது. டிஸ்க் போனால் பேக்கப்தான் கதி. பல சேர்வர்களில் தரவை நகலாக வைக்கும் எட்சிடியோடு மூன்று தலைமைச் சேர்வர்களை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. ஐம்பது நோட் வைத்திருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு மாற வேண்டாம்.

தம்பி மட்டும் தன் லப்டொப்பில் இன்னும் கியூப்அட்மின் வைத்திருக்கிறான். சிகேஏ என்ற குபெர்னெட்டீஸ் நிர்வாகிப் பரீட்சையில் அதைத்தான் கேட்பார்களாம்.