தும்புச்சோறா, செம்மண்ணா? வளை தோண்டும் சிலந்திக்கும் தேளுக்கும் எது நல்ல படுக்கை

நட்டுவக்காலி என்ற பெரிய கருந்தேளும், வளை தோண்டும் பெரிய மயிர்ச் சிலந்தியான டரன்டுலாவும் பெட்டியில் நலமாக இருப்பது அடியில் போடும் படுக்கையைப் பொறுத்தது. தோண்டிய வளை இடியக் கூடாது, ஈரம் நிற்க வேண்டும், நஞ்சு இருக்கக் கூடாது. வட இலங்கையின் வன்னியில் கைக்கெட்டும் பொருட்களில் இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த பொருள் கிடையாது. கலவைதான் வழி.

ஈரம் பிடிப்பதில், தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுக்கும்போது உதிரும் தூளான தும்புச்சோறுதான் முதல். ஆனால் தனியே போட்டால் காய்ந்ததும் உதிர்ந்து வளையை மூடிவிடும். உப்பும் தங்கியிருக்கலாம். 650 கிராம் கட்டியை 4 லீற்றர் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் பிழிந்து, புதுத் தண்ணீரில் இன்னும் இரண்டு முறை அலசுங்கள். உரம் கலந்த நாற்றுப் பைகள் வேண்டவே வேண்டாம். வேப்பம் பிண்ணாக்கு சேர்ந்தவை இன்னும் மோசம்: பூச்சிகளின் தோலுரிப்பைக் குழப்பும் பொருள் வேம்பில் உண்டு. தோலுரித்து வளரும் பிராணியிடம் அதைச் சோதித்துப் பார்ப்பது கொடுமை.

செம்மண்ணின் குணம் நேரெதிர். வளை உறுதியாக நிற்கும்; ஆனால் காய்ந்தால் கல், நனைந்தால் சேறு. எங்கே எடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. வயல், தோட்டம், வரப்போரம் எல்லாம் பூச்சிமருந்தும் களைநாசினியும் விழுந்த நிலம். பயிர் செய்யாத மேட்டு நிலத்தில் ஒரு அடிக்குக் கீழே எடுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கமோ, அகற்றி முடித்ததாக உறுதியாகத் தெரியாத காணியோ என்றால் மண்வெட்டியே வைக்காதீர்கள். எடுத்ததை அரித்து, பழைய தாச்சியில் அரை மணி நேரம் வறுத்தால் உண்ணியும் எறும்பு முட்டையும் அழியும்.

இரண்டு பங்கு தும்புச்சோறு, ஒரு பங்கு செம்மண். 30க்கு 20 சென்ரிமீற்றர் பெட்டியில் 12 சென்ரிமீற்றர் ஆழம் நிரப்ப ஏறத்தாழ 5 லீற்றர் தும்புச்சோறும் 2.5 லீற்றர் மண்ணும் பிடிக்கும். கையில் இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அடுக்கடுக்காக அழுத்தி, பென்சிலால் ஒரு தொடக்கக் குழி போட்டுவிடுங்கள். டரன்டுலாவுக்கு மண்ணிலிருந்து மூடிவரை உள்ள உயரம் அதன் கால் விரிவின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. விழுந்தால் வயிறு வெடித்துவிடலாம்.

மன்னார் முருங்கன் பக்கத்துக் கரிய களி காயும்போது சுருங்கி வெடிப்பதால் வளை சிதையும். ஆற்றுமணல் தனியே வளை தாங்காது, கடல்மணலில் உப்பு. உமியில் ஒட்டிய நொய்க்கு உண்ணி வரும். தச்சுப்பட்டறைத் தூளில் என்ன மரம், என்ன மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது.

மரப்பொந்தில் வாழும் பொசிலொதேரியா என்ற டரன்டுலா வகைகளுக்கு இந்த ஆழம் தேவையில்லை. ஆனால் அவற்றைக் காட்டிலிருந்து பிடிக்கவே கூடாது. 2019 முதல் அந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்பரப்பு ஒரே நாளில் காய்ந்துவிடும். தெளிக்காமல் ஒரு மூலையில் ஊற்றி அடிவரை இறங்க விடுங்கள். மாரியில் ஊற்றுவதைக் குறைத்து, பக்கவாட்டுத் துளைகளைக் கூட்டுங்கள்; ஈரம் தேங்கினால் பூஞ்சணம் வரும். புதுப் படுக்கையில் சிலந்தி சில நாள் சுவரில் ஏறி நிற்பது வழக்கம். ஒரு வாரம் கடந்தும் இறங்காவிட்டால் படுக்கை மிக ஈரமாக இருக்கிறது அல்லது அதில் ஏதோ கலந்திருக்கிறது. முதலில் ஈரத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் முழுவதையும் கொட்டி மாற்றுங்கள்.