கடலோரத்தில் ஒரு பழைய கார்: ஸ்லோ நிற்காத வண்டியோடு ஏழு மாதம்

2004 மாடல் பெட்ரோல் கார், மூன்று சிலிண்டர் எஞ்சின். பதினோரு வருடமாக என் கையில் இருக்கிறது. வீடு பெரியபட்டினத்தில், வேலை ராமநாதபுரத்தில். மண்டபம், பாம்பன், ஏர்வாடி என்று கடற்கரை ஓரமாகவே ஓடிய வண்டி. இத்தனை வருடத்தில் என்னை அலைய வைத்தது ஒரே ஒரு கோளாறுதான்: ஸ்லோ, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், நிற்கவில்லை.

சாதாரணமாக 850-ல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது), எஞ்சின் சூடேறியதும் 600-க்கும் 1,200-க்கும் நடுவே ஊஞ்சலாடும். பாம்பன் பாலத்தில் கடல் பார்க்க நிறுத்தியிருந்த வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனபோது மூன்று தடவை ஆஃப் ஆனது. பக்கத்தில் அம்மா, பின்னால் பேருந்து ஹாரன். அன்றைக்குக் கை நடுங்கிவிட்டது.

முதலில் காட்டிய பட்டறையில் பிளக் மாற்றினார்கள், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் இருந்த கரியைத் துடைத்தார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஸ்லோவைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வையும் மாற்றினார்கள். 5,000 ரூபாய்க்கு மேல் போனதே தவிர முள் நிற்கவில்லை. எதையும் அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றுவது இன்றைக்கும் எனக்குப் பொறுக்காத விஷயம்.

பிறகு, எப்போது என்ன ஆகிறது என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் ஒன்று புரிந்தது. ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டால் முள் இறங்குகிறது. எதுவும் போடாமல் சூடாக நின்றால் ஏறி இறங்குகிறது. கோளாறு ஒன்றல்ல, இரண்டு.

நோட்டோடு கீழக்கரையில் ஒரு மெக்கானிக் காக்காவிடம் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போனேன். “தம்பி, லைட்டப் போடுங்க, ஃபேனையும் போடுங்க” என்று சொல்லிவிட்டு, ஓடும் எஞ்சினிலேயே மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தார். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, காட்டியது 0.7. பேட்டரி மைனஸை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் உள்ளே பச்சைப் பொடி. உறையைக் கீறினால் செம்புக் கம்பிகள் விரலில் உதிர்ந்தன. எல்லாம் உப்புக் காற்று செய்த வேலை. எர்த் கெட்டால் சென்சார் அளவுகள் பிசகும், இக்னிஷன் காயிலுக்கும் முழு வோல்ட் கிடைக்காது.

இரண்டாவதைக் காதாலேயே கண்டுபிடித்தார். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைச் சுற்றி நகர்த்தினார். ஓர் இடத்தில் நிறுத்தி என் காதில் கொடுத்தார்: ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுக்கும் சத்தம். அங்கே சோப்புத் தண்ணீர் அடித்ததும் நுரை உள்ளே போனது, எஞ்சின் ஒரு கணம் சமனாகி மறுபடி ஆட ஆரம்பித்தது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி ஹோஸில், கிளிப்புக்கு அடியில் வெடிப்பு. அதன் வழியே ஏறும் காற்றால் ஆர்பிஎம் உயர, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் அதைக் குறைக்க, திரும்ப உயர... ஊஞ்சலாட்டம் அதுதான்.

ஹோஸ், எர்த் வயர் இரண்டும் சேர்த்து 600 ரூபாய்.

அதற்குப் பிறகு இரண்டேகால் வருடம், 28,000 கிலோமீட்டர். ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எர்த் போல்ட்டுகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, இறுக்கிய பின் மேலே வாசலின் தடவுகிறேன். இதை விடவே கூடாது: போன வருடம் இரண்டு மாதம் தள்ளிப் போட்டதில் ஹெட்லைட் பக்கத்து எர்த்தில் மறுபடி பச்சை பூத்துவிட்டது. தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன். எஞ்சின் மேல் மட்டும் பைப்பைப் பிடிப்பதில்லை.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் முள் கொஞ்ச நேரம் 1,100-ல் நிற்கும். அது கோளாறு இல்லை, சூடேறும்வரை அப்படித்தான் நிற்க வேண்டும். ஏசி போட்டு நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு மட்டும் பாக்கி. எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்கிறார் காக்கா. அடுத்த மாதம் மாற்றப் போகிறேன்.