நாற்பதுக்குமேல் துறை மாற்றம்: நான்கு வழிகள்

நாற்பத்தைந்து வயதில் வேறு துறைக்குப் போகிறேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, "இந்த வயதில் முடியுமா?" முடியும், போனவர்கள் ஏராளம். எனக்குக் கவலை வேறொன்றில்தான். எடுத்த முடிவு தப்பு என்று எப்போது தெரியவரும்? தெரியும்போது கையில் என்ன மிச்சமிருக்கும்? நான்கு வழிகளையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே பார்க்கிறேன்.

முதலாவது, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிப்பது. செவிலியர், வழக்கறிஞர் போல உரிமம் கேட்கும் தொழில் என்றால் பெரும்பாலும் இதைத் தவிர்க்க முடியாது. நோயாளியின் பக்கத்தில் நின்று பெறவேண்டிய பயிற்சியை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்ள இயலாது. மற்றவர்கள் செலவுக் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். பலர் படிப்புக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வராமல் போகும் சம்பளம் பெரிது. ஓய்வுக்காலச் சேமிப்பில் விழும் ஓட்டை அதைவிட மெதுவாக வலிக்கும். ஆண்டுக்கு 7% வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 45 வயதில் போடும் பணம் 65 வயதில் கிட்டத்தட்ட நான்கு மடங்காகியிருக்கும். அதைப் போடாமல் விட்டால் அவ்வளவும் இல்லை. படிப்பு பிடித்துப்போய், அந்த வேலை பிடிக்காமல் போவதும் உண்டு. அது தெரியவருவது இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, சேமிப்பு கரைந்த பிறகு.

இரண்டாவது, வேலையில் இருந்துகொண்டே மாலையிலும் வார இறுதியிலும் கற்பது. களைப்பாக இருக்கும், வீட்டில் முகம் சுளிப்பார்கள், பாதியில் நின்றுபோகும் வாய்ப்பும் அதிகம். ஆனால் தப்பு என்று சில மாதங்களிலேயே தெரிந்துவிடும், சம்பளம் நிற்காது. ஒன்று மட்டும்: சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். சின்னதாக ஒரு வேலையை வாங்கி, யாரோ ஒருவருக்குச் செய்து கொடுத்துப் பாருங்கள். வேலை கொடுப்பவர் கேட்கப்போவதும் அதைத்தான்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, அதிகம் பேசப்படாததும் அதுதான்: பக்கவாட்டில் நகர்வது. செய்யும் பணி, இருக்கும் துறை, இந்த இரண்டில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. மருத்துவமனையில் கணக்கு பார்ப்பவர் அங்கேயே தரவு ஆய்வுக்குப் போகலாம். அல்லது கணக்கராகவே ஒரு கல்வி நிறுவனத்துக்குப் போய், இரண்டு ஆண்டுகள் கழித்து அங்கே வேறு பொறுப்பு கேட்கலாம். இருபது ஆண்டு அனுபவத்தைத் தாளில் எழுதினால் அந்நியருக்கு அது வெறும் நான்கு வரி. கூட வேலை செய்தவருக்கு நீங்கள் யார் என்று தெரியும். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை இங்கே உதவும். அறிந்தவர் மூலம் வேலை மாறியவர்களை அவர் கேட்டபோது, அடிக்கடி சந்திக்கும் ஆளால் தகவல் கிடைத்ததாகச் சொன்னவர்கள் சுமார் 17% மட்டுமே. மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கும் ஆள்தான் சொல்லியிருந்தார். கேட்கப்பட்டவர்கள் சில டஜன் பேர்தான், ஆனாலும் சேதி முக்கியம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். பழைய அலுவலகத்து ஆளுக்குத் தெரிந்தது அப்படியில்லை. நாற்பதைத் தாண்டியவரிடம் அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள். இருபத்திரண்டு வயதுக்காரரிடம் இல்லாத சொத்து இது.

இதிலும் குறை உண்டு. சின்ன நிறுவனத்தில் நகர இடமிருக்காது, நல்ல ஆளை மேலாளர் லேசில் விடமாட்டார். அந்தத் துறையே வெறுத்துப்போயிருந்தால் உள்ளேயே இடம் மாறுவது பலன் தராது.

நான்காவது, சொந்தத் தொழில். அமெரிக்கத் தரவுகளை வைத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. இதைச் சொல்லித் தைரியம் கொடுப்பவர்கள் அதே ஆய்வின் இன்னொரு பாதியை விட்டுவிடுகிறார்கள்: தொடங்கும் தொழிலிலேயே முன் அனுபவம் இருந்தவர்கள்தான் கூடுதலாக வென்றார்கள். அறியாத தொழிலில் இறங்குபவருக்கு அந்த 45 பொருந்தாது. 2014-இல் ராஃபி, ஃபெங் இருவரும் செய்த ஆய்வும் அமெரிக்காவைப் பற்றியதுதான். சம்பள வேலையை வைத்துக்கொண்டே தொடங்கி, பிறகு முழுநேரமானவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு, ஒரேயடியாக வேலையை விட்டுவிட்டு இறங்கியவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதாவது, இரண்டாவது வழியில் நடந்து நான்காவதுக்கு வந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

சரி, இப்போதைய வேலை உடம்பைக் கெடுக்கிறது, தூக்கம் போய்விட்டது என்றால்? உடனே வெளியே வாருங்கள். ஆனால் அதையும் புதுத் துறைத் தேர்வையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். தெரிந்த வேலையையே வேறோர் இடத்தில் கொஞ்ச நாள் செய்து, மூச்சு வாங்கியபின் யோசியுங்கள். ஓடி வரும்போது கண்ணில் படுகிற எந்தக் கதவும் நல்ல கதவாகவே தெரியும்.

மற்றவர்களுக்கு, எந்த வழியானாலும், முதல் செலவு ஒரு நாள் விடுப்பு. நீங்கள் போக நினைக்கும் வேலையைச் செய்கிற ஒருவர் பக்கத்தில், அனுமதி வாங்கிக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை உட்காருங்கள். அவருக்கு அலுப்புத் தட்டும் பகுதி எது என்று கேளுங்கள். அந்தப் பகுதியை அடுத்த பத்து ஆண்டுகள் தினமும் செய்யச் சம்மதமா என்று அன்றிரவே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.