40 ரூபாய் பேட்டரிக்கு 7,400 ரூபாய் அழுதேன்: ராம்நாடு பக்கம் பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க அவசியம் படிங்க

கை இன்னும் நடுங்குது. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க, போன்ல தட்டுறேன். கம்ப்யூட்டர்ல அடிக்கலாம்னா நான் அடிக்கிற பாமினிங்கிற தமிழ் ஃபாண்ட் அதுல இப்போ இல்ல. அதுவும் அந்த ரிப்பேர் கடைப் புண்ணியவான் பண்ணின வேலைதான், வர்றேன்.

ஏழாயிரத்து நானூறு ரூபாய். மீன்பிடித் தடைக்காலத்துல, போட்டு கரையில கிடக்குற நேரத்துல. நிவாரணப் பணம் அக்கவுண்டுக்கு வந்த நாலாம் நாளே அது அவன் கைக்குப் போக ஆரம்பிச்சிருச்சு. உங்கள்ல யாரும் இப்படி ஏமாறக்கூடாதுன்னு, கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கறதுக்கு முன்னால கவனிக்க வேண்டிய பத்து விஷயத்தை எழுதுறேன். அதுக்கு முன்னால நடந்ததைச் சொல்லிடுறேன்.

எனக்குப் பாம்பன். வீட்டுத் திண்ணையில ஒரு டேபிள் போட்டு டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் பண்ணித் தர்றேன், ஒரு கருவாட்டு வியாபாரிக்குக் கணக்கும் எழுதுறேன். மெஷின் ரொம்பப் பழசு. கோர் 2 டியோ ப்ராசஸர், விண்டோஸ் 7. மதுரையில ஏதோ ஆபீஸ்ல கழிச்சதை 2014-ல செகண்ட்ஹேண்டா வாங்கினது. "இன்னுமா விண்டோஸ் 7?"ன்னு கமெண்ட்ல வராதீங்க. 2020 ஜனவரி 14-ஓட மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிருச்சுன்னு எனக்கும் தெரியும். விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ல கதை முடிஞ்சுது. 11 போடணும்னா டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சிப் வேணுமாம், என் மதர்போர்டுக்கு அதெல்லாம் எங்க. புதுசு வாங்கக் காசு இல்ல, அவ்வளவுதான்.

ஆறு மாசமாவே ஒரு தொல்லை. காலையில ஆன் பண்ணினா கறுப்பு ஸ்கிரீன்ல "சிமாஸ் செக்சம் எரர், எஃப்1 அழுத்து"ன்னு வரும். அழுத்துவேன், ஓடும். தேதி மட்டும் 2009 ஜனவரி 1-ன்னு நிக்கும். பிரவுசரைத் திறந்தா "உங்க இணைப்பு பாதுகாப்பானது இல்ல"ன்னு எந்த வெப்சைட்டும் உள்ள விடாது. தேதியைத் திருத்தினா எல்லாம் ஒழுங்கா வேலை செய்யும். தினமும் வாசல் தெளிக்கிற மாதிரி தேதியைத் திருத்துறதும் ஒரு வேலையா ஆயிப்போச்சு. திடீர்னு மே மாசம் ஒருநாள் ஆனே ஆகல. உள்ளேருந்து பீப் பீப்னு சத்தம், மானிட்டர்ல ஒண்ணும் இல்ல.

சிபியுவைப் பழைய சேலையில சுத்தி மடியில வச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். பாலத்துல காத்து அடிச்ச அடியில சேலை முந்தானை பக்கத்து சீட்டு அம்மா முகத்துல போய் விழுந்துச்சு. "என்னடி, கைப்பிள்ளையா?"ன்னு கேட்டாங்க.

கடை பேர் போட மாட்டேன், போட்டா என்மேலயே கேஸ் போடுவான். டவுன்ல மாடியில இருக்குற ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, அவ்வளவுதான். அங்க இருந்த பையனுக்கு முப்பது வயசுகூட இருக்காது. "உக்காருங்க அக்கா, பஸ்லயா வந்தீங்க?"ன்னு டீ வாங்கிக் கொடுத்தான். என் கண் முன்னாலயே மூடியைக் கழட்டி, ப்ளோயர்ல தூசி ஊதி, டார்ச் அடிச்சு உள்ள காட்டினான். போர்டு ஓரத்துல வெள்ளையா பூத்திருந்துச்சு. நகத்தால சுரண்டி என் உள்ளங்கையில வச்சு, "பாருங்க அக்கா, உப்பு. கடல்காத்து மதர்போர்டைத் தின்னுருச்சு"ன்னான்.

இங்கதான் நான் விழுந்தேன். பாம்பன்காரிகிட்டப் போய் உப்புக்காத்து எதையும் தின்னாதுன்னு சொன்னாத்தான் நம்ப மாட்டா. எங்க வீட்டு ஜன்னல் கம்பியைக் கையால ஒடைக்கலாம். ஃபேன் ரெக்கையில ஓட்டை விழுந்து பாத்திருக்கேன். சைக்கிள் ரெண்டு வருஷம் தாண்டாது. எனக்குத் தெரிஞ்ச உண்மையையே எடுத்து எனக்கே பொய்யா வித்துட்டான். அந்தச் சாமர்த்தியத்தை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

போர்டு 5,200, விண்டோஸ் போட 700, டேட்டா பேக்கப் 1,000, சர்வீஸ் 500. மொத்தம் 7,400. விசிட்டிங் கார்டு பின்னால பென்சில்ல எழுதிக் கொடுத்தான். அதுதான் பில்லாம். 3,000 அட்வான்ஸ் ஜிபே பண்ணினேன். "டி டிரைவ்ல நாலு வருஷக் கணக்கு இருக்கு தம்பி, பத்திரம்"னு மூணு தடவை சொன்னேன். "அதுக்குத்தானக்கா பேக்கப், பயப்படாம போங்க"ன்னான்.

மூணு நாள்னு சொன்னது பதினோரு நாள் ஆச்சு. மீதி 4,400-ஐயும் கொடுத்து, போட்டுக் காட்டச் சொன்னேன். ஓடுச்சு. சந்தோஷமா தூக்கிட்டு வந்தேன். ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் படுத்தேன். காலையில ஆன் பண்ணினா அதே எஃப்1. அதே 2009 ஜனவரி 1.

போன் பண்ணினேன். "புது போர்டு அக்கா, செட் ஆக ஒரு வாரம் ஆகும்"னான். போர்டு என்ன மருமகளா, வீட்டுக்கு வந்து பழகறதுக்கு? அப்பவும் நம்பினேன். ஒரு வாரம் கழிச்சுப் பண்ணினா, "விண்டோஸ் 7-ல இனி அப்படித்தான், குரோமே விட்டுருச்சு"ன்னான். குரோம் 109-ஓட விண்டோஸ் 7-க்குப் புது வெர்ஷன் நின்னது நிஜம். ஆனா தேதி பின்னால போறதுக்கும் குரோமுக்கும் என்னடா சம்பந்தம்? இவன் சொல்ற ஒவ்வொரு பொய்யோட அடியிலயும் ஒரு துண்டு உண்மை கிடக்கும்.

டி டிரைவைத் திறந்தேன். காலி. நெத்திலி, வாளை, யார் எவ்வளவு எடுத்தா, யாருக்கு எவ்வளவு பாக்கி, நாலு வருஷக் கணக்கு ஒரு வரிகூட இல்ல. பேக்கப்புக்கு ஆயிரம் வாங்கினானே! கேட்டா, "எடுத்தோம் அக்கா, எடுத்து வச்ச ஹார்ட்டிஸ்க் கரப்ட் ஆயிருச்சு." என் பென்டிரைவ்ல பழைய மனுக்கள் கொஞ்சம் இருந்துச்சு. அதைத் திறந்தா பாமினி ஃபாண்ட் இல்லாததால ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்குது. ஸ்கிரீன் ஓரத்துல "இது அசல் விண்டோஸ் அல்ல"ன்னு வேற வந்துருச்சு. சிபியு பக்கவாட்டு ஸ்டிக்கர்லயே அசல் விண்டோஸுக்கான 25 எழுத்துச் சாவி இருக்கு. அதைப் பாக்காம ஏதோ திருட்டு காப்பியைப் போட்டு அதுக்கு 700.

ரெண்டாவது தடவை பஸ் ஏறிப் போனேன். அவன் இல்ல, வேற ஒரு பையன். "அண்ணன் மதுரை போயிருக்காரு." கழட்டின பழைய போர்டைக் கொடுன்னு கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு." மூணாவது தடவை போனப்போ அவனே இருந்தான். அன்னைக்கு டீ இல்ல. "வாங்கி மூணு வாரம் ஓட்டிட்டு இப்ப வந்து கேட்டா எப்படி? எலெக்ட்ரானிக்ஸ் ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாது"ன்னு வேற கஸ்டமர் பக்கம் திரும்பிட்டான். அக்காங்கிற வார்த்தையும் அன்னையோட போச்சு.

நேத்து சாயங்காலம் என் கொழுந்தன் வந்தான். அவன் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல, போட்டுல வயரிங் பாக்குறவன். விஷயத்தைக் கேட்டுட்டு, "மதினி, கரண்டை நிறுத்தினா மறந்துபோகுதுன்னா உள்ள பேட்டரி செத்திருக்கும்"னு சொல்லி மூடியைக் கழட்டினான். போர்டுல ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி, சிஆர் 2032-ன்னு எழுதியிருந்துச்சு. புதுசுன்னா 3 வோல்ட் காட்டணுமாம். மீட்டர் வச்சான், ஒரு வோல்ட்டுகூட இல்ல. கரண்டு இல்லாத நேரத்துல கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் (மெஷின் ஆன் ஆகும்போது முதல்ல பாக்குற செட்டிங்) பிடிச்சு வச்சிருக்கறது அதுதான். அது செத்தா மெஷின் பழைய தேதிக்கு ஓடிரும். வெப்சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்குற நாள், முடியுற நாள் உண்டு. 2009-ல நிக்கிற மெஷினுக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்ல, அதான் உள்ள விடல. கடைத்தெருவுல போய் பேட்டரி வாங்கிட்டு வந்தான். 40 ரூபாய். போட்டு, தேதி வச்சு, மெயினை அணைச்சு, இன்னைக்குக் காலையில ஆன் பண்ணினேன். தேதி சரியா நிக்குது.

பீப் சத்தத்துக்கும் பதில் கிடைச்சுது. ரேம் செருகுற இடத்துல அழிரப்பர் துகள் கிடந்துச்சு. உப்பும் தூசியும் ரேமோட பித்தளைக் கலர் பல்லுல படிஞ்சா இப்படிச் சத்தம் போடுமாம். கழட்டி, அழிரப்பரால தேய்ச்சுத் திருப்பி மாட்டினா போதுமாம். அந்தக் கடைக்காரன் சரிபண்ணினது அந்த ஒண்ணுதான், அதுக்குத்தான் 7,400.

புது போர்டா? கேளுங்க. மானிட்டர் கேபிள் மாட்டுற நீலக் கலர் போர்ட்டுல ஒரு பக்கத் திருகு நட்டு எப்பவோ கழண்டு போச்சு. கேபிள் ஆடுதுன்னு என் வீட்டுக்காரர் அந்த ஓட்டையில தங்கூசி நரம்பை (தூண்டில் நைலான் நூல்) கோத்து முடிச்சுப் போட்டு வச்சிருந்தார். "புது" போர்டுல அதே நட்டு இல்ல. அதே ஓட்டையில தங்கூசி முடிச்சு. எங்க வீட்டு முடிச்சு எனக்குத் தெரியாதா?

ரேம் முன்னால 4 ஜிபி இருந்ததா ஞாபகம், பக்கத்துல 3 புள்ளி ஏதோ உபயோகிக்கலாம்னு காட்டும். இப்போ 2.00-ன்னு மொட்டையா நிக்குது. ஆனா எழுதி வைக்கல. சாட்சி இல்லாததைச் சொல்லி என்ன பிரயோஜனம்.

சரி, பத்து விஷயம்னு சொன்னேன். இருக்கிற கோபத்துல நாலுதான் வருது. கடைக்குக் கொடுக்கும் முன்னால ரேம், ஹார்ட்டிஸ்க் அளவை எழுதி, மூடியைக் கழட்டி உள்ள போட்டோ எடுத்து வைங்க. எந்தப் பாகத்தை மாத்தினாலும் பழசைத் திருப்பிக் கேளுங்க, அச்சடிச்ச பில் இல்லாம பணம் கொடுக்காதீங்க. தேதி பின்னால போனா முதல்ல பேட்டரியைப் பாருங்க. ஃபைல் அழிஞ்சிருந்தா அந்த டிஸ்க்கைத் தொடாம உடனே நிறுத்துங்க, மேல மேல எழுதினா மீட்கவே முடியாதாம். நான் மூணு வாரம் அதுமேலயே விண்ணப்பம் அடிச்சுக்கிட்டிருந்தேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் காலையில பேசினேன், புகார் பதிஞ்சிருக்கேன். பில் இல்லாததால ஜிபே ரசீதையும் அந்த விசிட்டிங் கார்டையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், தங்கூசி முடிச்சையும் சேர்த்துத்தான். இதே மாதிரி டவுன்ல "மதர்போர்டு மாத்தி" வாங்கினவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. திங்கக்கிழமை நாலாவது தடவை பஸ் ஏறப் போறேன், இந்தத் தடவை கொழுந்தனும் மீட்டரோட வர்றான்.