பீடிக்கடைக் கணக்கு: தனியாகவா, சங்கமாகவா?

நெல்லை மாவட்டம் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுபவருக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். கடையில் தரும் இலை சொத்தையாக இருந்தால் ஆயிரம் தேறாது. குறையும் இலையைக் கைக்காசு போட்டு வாங்கி ஈடுகட்ட வேண்டும். தனியாகப் போய்க் கேட்டால், அடுத்த வாரம் அதைவிட மோசமான இலைதான் சுளகில் விழும். சங்கமாகப் போனால் இலை எடையும் கழிவும் எல்லோர் முன்னாலும் பேசப்படும்.

வேலைநீக்கம் என்றால் தனியாளே தொழில் தகராறு எழுப்பலாம். கூலிக்கும் கழிவுக்கும் கூட்டு வேண்டும்.

பி.எஃப். பிடித்தம் 10 சதவீதம், தனியாளுக்கும் சங்கத்தில் இருப்பவருக்கும் ஒன்றே. ஆனால் கணக்கில் ‘பேச்சியம்மாள்’, ஆதாரில் ‘பேச்சியம்மா’ என்றிருந்தால் பணம் நின்றுபோகும். பழைய கணக்கென்றால் திருத்தத்துக்கு முதலாளி தரப்பு ஒப்புதல் வேண்டும். தனியாள் அலைவது அங்கேதான். சந்தாவுக்கு ரசீது தராத சங்கமென்றால் சேராமலிருப்பதே மேல்.