நெஃப்ராலஜிஸ்டா, யூராலஜிஸ்டா?
கிட்னி என்றால் ஒரே டாக்டர்தான் என்று நினைத்துப் போய், இரண்டு மணி நேரம் காத்திருந்து, "இதுக்கு நீங்க என்கிட்ட வரக்கூடாதே" என்ற பதிலோடு திரும்புபவர்கள் நிறையப் பேர். நெஃப்ராலஜிஸ்ட் கத்தி எடுக்க மாட்டார். சிறுநீரகம் ரத்தத்தை ஒழுங்காக வடிகட்டுகிறதா என்பதுதான் அவர் கவலை. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவது, சிறுநீர் நுரைத்துப் போவது, கால் வீக்கம், சர்க்கரையோ பிரஷரோ பல வருஷம் இருந்து சிறுநீரில் புரதம் கசிய ஆரம்பிப்பது, டயாலிசிஸ் எல்லாம் அவர் பக்கம். ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ரத்தப் பரிசோதனையில் கணக்கிடும் அளவு) 3 மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால், வலிதான் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள், இது பெரும்பாலும் வலிக்காமலேயே முற்றுகிற நோய்.

யூராலஜிஸ்ட் அறுவை சிகிச்சைக்காரர். கல், அடைப்பு, ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கம், கட்டி என்றால் அவரிடம். கல் வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் யாரிடம் என்ற யோசனையே வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

குழப்புவது சிறுநீரில் வரும் ரத்தம்தான். வலியில்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பாகப் போனால், ஒரே தடவை போய் நின்றுவிட்டாலும் சரி, யூராலஜிஸ்ட். பரிசோதனையில் ரத்தத்தோடு புரதமும் தெரிந்தால் நெஃப்ராலஜிஸ்ட். அப்புறம், யாரிடம் போனாலும் பழைய கிரியாட்டினின் ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் வலி மாத்திரைகளின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.